ஒன்று குறைந்தாலும் எழும்

அன்று மின்சாரம் சொல்லிவிட்டுத்தான் போனது. தெருமுனைக் கம்பத்தில் மூன்று நாளுக்கு முன்பே தாள் ஒட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பராமரிப்பு வேலை. ஆகவே மின்சாரக்காரர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எட்டே முக்காலுக்கே அவர் உள்ளறைக்குப் போய், மேசைக்கடியில் ஜனவரியிலிருந்து ஒரு நாளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். வந்து உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய சின்ன வெள்ளைப் பலகையில், "இனி மூணு மணி நேரம் நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று எழுதிக் காட்டினார்.

"இருபத்தாறு வருஷமாப் பாத்த மூஞ்சிதானே. புதுசா என்ன இருக்கு?" என்றாள் அவள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை. அதனால் அவர் அவளைக் கூப்பிடுவது 'கண்ணாடிக்காரி' என்றுதான். கூப்பிட்டது என்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் இருபதாம் தேதி அவருடைய குரல்வளையை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகப் போய் வரும், பேச்சு வராது. அவளைக் கூப்பிட வேண்டுமானால் மேசையை இரண்டு முறை தட்டுவார்.

பன்னிரண்டு பத்துக்கு மின்விசிறி சுழன்றது. அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் ஈரக்கையோடு போய் எட்டிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம், எவர்சில்வர் பாத்திரத்தை நகத்தால் சுண்டுவதுபோல, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நாலு வரி வந்து நின்றுவிட்டன.

"ஒரு டிஸ்க் போச்சு," என்று எழுதினார்.

"ஐயையோ!"

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும். "எதுக்கு ஐயையோ? ரெண்டு இருக்குல்ல?"

அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அவருக்கு 'ரெட்டை' என்றே பெயர். எதையும் ஒற்றையாக வைத்திருக்க மாட்டார். வீட்டுக்கு இரண்டு பூட்டு, இரண்டு குடை, இரண்டு டார்ச். பால் வாங்கப் போனாலும் இரண்டு பாக்கெட். "நல்லவேளை, பொண்டாட்டி விஷயத்துல மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு மாப்பிள்ளை" என்று அவளுடைய அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பெட்டியும் அப்படித்தான் கட்டப்பட்டது. உள்ளே இரண்டு டிஸ்க். இதில் எழுதுவது எதுவோ அது அந்த நொடியே அதிலும் எழுதப்படும். படங்களும் கடிதங்களும் மட்டுமல்ல, கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற இயங்குதளமே வேரிலிருந்து நுனிவரை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். எழுப்பிவிடுகிற முதல் நிரலையும் மறக்காமல் இரண்டிலும் போட்டு வைத்திருந்தார். "நிறையப் பேர் அதை ஒண்ணுல மட்டும் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவாங்க. அந்த ஒண்ணு போனா, ரெண்டாவதுல எல்லாம் இருக்கும், ஆனா எழத் தெரியாது. நம்மது அப்படி இல்ல. எது போனாலும் இன்னொண்ணு எழும்," என்று கட்டி முடித்த அன்று அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அவள் கொட்டாவி விட்டாள். "சரி, கொட்டாவி விடு. இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஒண்ணு போச்சுன்னா உள்ள இருக்கிற பஸ்ஸர் கால் மணிக்கு ஒரு தரம், மூணு மூணாக் கத்தும். கத்தினா என்கிட்ட சொல்லு. புது டிஸ்க் போட்டுடுவேன்."

"சொல்றேன்," என்று அவளும் தலையாட்டினாள். ஆறு வருஷம் ஆகிறது.

இப்போது அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து அவள் கேட்டாள். "அப்ப ஏன் எழாம நிக்குது? இன்னொண்ணு எழும்னீங்களே."

அவருக்கு விளக்கம் சொல்ல ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. பலகை போதாமல் நோட்டை எடுத்தார். "ஒண்ணு இல்லாதது தெரிஞ்சா இது தானா எழாது. ஒண்ணு இல்லாததை மறைச்சு, எல்லாம் சரியா இருக்கிற மாதிரி காட்டக் கூடாதில்லையா? அதனால நிக்குது. நாம ஒரு வார்த்தை அடிக்கணும். டிகிரேடட். குறையோட இருக்கு, தெரிஞ்சுதான் சொல்றேன், எழுந்திருன்னு அர்த்தம்."

அடித்தார். வரிகள் சரசரவென்று மேலே ஓடின. அரை நிமிடத்தில் திரையில் பழைய நீல நிறம் வந்தது. அவள் கைதட்டினாள். அவர் எழுந்து நின்று, நாடகம் முடிந்த நடிகர்போல இடுப்பை வளைத்து வணங்கினார்.

திங்கட்கிழமைக்காகத்தான் இருவருக்கும் இவ்வளவு பதற்றம், இவ்வளவு சந்தோஷம். திங்கட்கிழமை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் அவருடைய குரலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் பெண் ஒரு பட்டியல் கொடுத்திருந்தாள். ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள். அத்தனையையும் சத்தமில்லாத அறையில் வாசித்துப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு அதை வைத்து ஒரு கருவியில் அவர் குரலையே செய்து தருவார்களாம். அவர் தட்டச்சு செய்வதை அது அவர் குரலில் பேசும்.

மார்ச் மூன்றாம் தேதி தொடங்கிப் பதினோரு நாள், காலையும் மாலையும், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். எல்லா ஒலிகளும் வர வேண்டும் என்பதற்காக எழுதிய வாக்கியங்கள், அர்த்தம் தேடக் கூடாது. 'குதிரை மொட்டை மாடியில் நின்று கொட்டாவி விட்டது.' 'ஞாயிற்றுக்கிழமை ஞமலி நகம் வெட்டுமா?' கதவுக்கு வெளியே வெங்காயம் உரித்தபடி அவள் சிரிப்பை அடக்குவாள். பட்டியல் முடிந்ததும் தன் சொந்தக் கணக்கில் நாற்பது வாக்கியம் சேர்த்தார். 'கண்ணாடிக்காரி, சாவி எங்க வெச்ச?' 'இதுல உப்பே இல்ல.' 'மகளே, முதல்ல நான் சொல்றதைக் கேளு.' கடைசி நாள் சாயங்காலம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கரகரத்து ஒவ்வொரு முறையும் உடைந்தது. ஒன்பதாவது முறை சரியாக வந்தது. 'நான் வந்துட்டேன்.' அவ்வளவுதான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்வாரே, அது.

"ஒரு பிரதி இப்பவே குடுத்துட்டுப் போங்க சார்," என்று அந்தப் பெண் அப்போதே கேட்டாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "புண் ஆறட்டும், நேரம் வரும்போது நானே கொண்டு வர்றேன். என் குரல் ஊர் பேர் தெரியாத அலமாரியில எதுக்கும்மா கெடக்கணும்? என்கிட்ட ரெண்டு டிஸ்க்ல இருக்கு. ரெண்டும் ஒண்ணாவா சாகும்?"

நேற்று சாயங்காலம்கூட மகள் போனில் கேட்டாள். வெளியூரில் வேலை பார்க்கிறாள், தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலால் தட்டுவார். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. "அப்பா, கருவி வந்ததும் முதல்ல என்னைத்தான் திட்டணும். அம்மாவைத் திட்டி வேஸ்ட் பண்ணிடாதீங்க. சரியா?" ஒரு தட்டு. "நல்லா கத்தித் திட்டணும்." ஒரு தட்டு.

அவர் 'குரல்' என்ற கோப்புறையைத் திறந்தார்.

அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அந்த ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களின் பட்டியல். வெறும் எழுத்து. ஒலி ஒன்றுகூட இல்லை.

மூடித் திறந்தார். வேறு கோப்புறைகளில் தேடினார். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ரசீதுகளின் படங்கள் இல்லை. ஏப்ரலில் மகள் வந்தபோது எடுத்த படங்கள் இல்லை. மே இல்லை, ஜூன் இல்லை. அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவருடைய சட்டைக் காலர் நனைந்துகொண்டே வருவதைப் பார்த்தாள்.

அந்த டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். கையெழுத்து ஒரே சீராக இருந்தது. அச்சகத்துக் கையெழுத்து.

"இப்ப எழுந்திருக்கிற டிஸ்க் பிப்ரவரி 9, மத்தியானம் 2.40-க்கே கழண்டு நின்னிருக்கு. அதுக்கப்புறம் எட்டு மாசம் இன்னொண்ணு மட்டும் தனியா ஓடியிருக்கு. பதிவு எல்லாம் அதுல. அதுதான் இன்னைக்குச் செத்தது."

கொஞ்சம் இடம் விட்டு, கீழே.

"ஏன் கத்தல?"

அவளுக்குத் தெரியும். பிப்ரவரி ஒன்பது என்ற எழுத்தைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் பெரிய டாக்டர் முடிவைச் சொன்னார். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும். சதையெடுத்துப் பார்த்த வலியிலும் பயத்திலும் அவர் மூன்று இரவுகள் கண் மூடவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் எழுந்து உட்கார்ந்து அந்தக் கோப்புறையை உண்டாக்கினார், பட்டியலை அதில் போட்டார். மத்தியானம் இரண்டரைக்கு, மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில் சும்மா சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் திறந்து, குறட்டையோடு. அவள் கதவருகில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்டாள். அன்று அவளுக்கு அதைவிட நல்ல சத்தம் உலகத்தில் இல்லை.

இரண்டே முக்காலுக்கு மேசைக்கடியிலிருந்து பீப், பீப், பீப். அவர் புரண்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மறுபடி. இமை அசைந்தது, கை எதையோ தேடியது. இன்னொரு தரம் கத்தினால் எழுந்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முழங்காலிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டின் திருகை விரலாலேயே திருப்பித் திறந்தாள். அதுதான் பஸ்ஸர்: சுண்டைக்காய் அளவு கறுப்புப் பொத்தான், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். மூக்குக்கண்ணாடித் திருகுகளோடு பழகிய கை. இடுக்கியால் நோகாமல் உருவினாள். எந்த ஊசிகளிலிருந்து உருவினாளோ அந்த இடத்தில், கடையில் லென்ஸுக்கு நடுப்புள்ளி வைக்கிற சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு வைத்தாள். திரும்ப மாட்ட வேண்டுமே. பொத்தானை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினாள். எழுந்ததும் சொல்லிவிடலாம்.

ஆறரைக்கு எழுந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "ஏதாவது இருக்கா சாப்பிட?" என்று கேட்டார். நாலு நாளில் அவராகக் கேட்டது அதுதான் முதல் தரம். அவள் அலறியடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பொத்தானாவது, பெட்டியாவது.

அதற்குப் பிறகு ஆபரேஷன் தேதி, ரத்தம், கையெழுத்து, மகளின் அழுகை. மார்ச்சில் பதிவு நடந்தபோது ஒரே ஒரு முறை ஞாபகம் வந்தது. வந்தபோது என்ன நினைத்தாள் என்பதைத்தான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை. நல்லவேளை கழற்றினோம், இல்லாவிட்டால் அந்தச் சத்தமும் பதிவில் விழுந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். செத்த டிஸ்கைப் பெட்டியின் முன்பக்கத் தட்டிலிருந்து உருவி, துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். டிஸ்க் மீட்கிறவர் மூன்றாவது மாடியில் இருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையுறை போட்டுத் திறந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து அவளைத்தான் பார்த்தார். இவர் பேச மாட்டார் என்று தெரிந்ததும் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

"ஊசி தட்டுல உக்காந்து உழுதிருக்கும்மா. மேல் பூச்சே போயிருச்சு. வெறும் பளபளப்புதான் இருக்கு."

"கொஞ்சமாவது? ஒரு நூறு, இருநூறு வாக்கியம்?"

"பொய் சொல்லி உங்களை அலைய விடக் கூடாதில்ல? ஒண்ணும் வராது. ஜோடி டிஸ்க் இருக்குமே, அது?"

"இருக்கு," என்றாள் அவள்.

"அப்புறம் என்னம்மா கவலை!" என்றார் அவர், நல்ல மனதோடு.

திங்கட்கிழமை மருத்துவமனைக்கும் போனார்கள். நேரம் கொடுத்தது கொடுத்ததுதான், போகாமலிருப்பது மரியாதையில்லை என்று அவர் எழுதினார். பயிற்சிப் பெண் கேட்டுவிட்டுத் தன் குறிப்பேட்டை மூடினாள். பிறகு, "போன்ல பழைய குரல் ஏதாவது இருக்கா அக்கா? வீடியோ?" என்றாள். மகள் கல்யாண வீடியோவில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் வாயசைக்கிறார். மனைவியின் போனில் அவருடைய ஒரே ஒரு குரல் செய்தி இருந்தது, ஐந்து வினாடி. போட்டாள்.

"பால் வாங்காத. நான் வாங்கிட்டேன். ரெண்டு."

அந்தப் பெண் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள்.

"இது பத்தாது," என்றாள் பயிற்சிப் பெண். கருவியிலேயே உள்ள குரல்களைக் காட்டினாள். ஆண் ஒன்று, ஆண் இரண்டு. அவர் 'வணக்கம், நலமா' என்று தட்டினார். ஆண் இரண்டு கணீரென்று விசாரித்தது. அவர் பலகையில், "யாரும்மா இவன், நம்ம வீட்டுக்குள்ள?" என்று எழுதிக் காட்டினார். பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். கருவியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று ஏழு மணிக்கு மகளிடம் அவள்தான் சொன்னாள். டிஸ்க் போச்சு, அதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் அழுகை. அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, எதற்கு என்று தெரியாமல், ஒன்று ஒன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

செவ்வாயும் புதனும் அவர் அழவில்லை, கோபப்படவுமில்லை. தான் எழுதிய அந்தக் காவல் நிரலை அச்சடித்துக்கொண்டார், மூன்று தாள். டிஸ்க் கழன்றால் கவனித்துப் பஸ்ஸரைக் கத்தச் சொல்கிற நிரல். அச்சகத்தில் பிழை திருத்துவதுபோல அடிக்கோல் வைத்து வரி வரியாகப் படித்தார். முடிந்ததும் மறுபடி முதல் வரி. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள்.

அவள் கடையில் ஒரு பெரியவரின் இடது லென்ஸை வலது பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்று முதலாளியின் மகன் கேட்டான். தலைவலி என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் எழுதிக் காட்டினார். "என் தப்புதான். எங்கேன்னுதான் தெரியல. ஆறு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன். கத்தியிருந்தா அன்னைக்கே புது டிஸ்க் போட்டிருப்பேன்."

"உங்க தப்பா இருக்காதுங்க."

"வேற யார் எழுதினது? நாளைக்குப் பெட்டியைத் திறந்து பஸ்ஸரைப் பாக்கறேன்."

மேசை மேல் துண்டு விரித்து, திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, கழுத்துத் துளைக்கு மாற்றுகிற பஞ்சு வாங்க மருந்துக்கடைக்குப் போனார். போய்வர முக்கால் மணி நேரமாகும். அவள் தெருக்கதவைத் தாழிடாமல் சாத்தினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அவள் செய்யப்போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பொத்தானை இருந்த இடத்தில் மாட்டிவிட்டால் முடிந்தது. அவர் திறப்பார், பொத்தான் இருக்கும். சோதித்தால் கத்தும். ஏன் அன்று கத்தவில்லை என்பது கடைசிவரை தெரியாது. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று தாளையும் சாகும்வரை படிப்பார். படிக்கட்டும். இதைத் தெரிந்துகொண்டு அவர் தன் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு பார்வையை அவளால் தாங்க முடியாது.

தகட்டைத் திறந்தாள். தூசிக்கு நடுவே அந்தச் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. ஒயரின் முனை இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் ஊசிகள் உள்ளே போயின.

பொருத்தி, முழங்காலை நிமிர்த்தக்கூட இல்லை. மணி பதினொன்று. பீப், பீப், பீப்.

குறையோடு எழுந்து ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி, கால் மணிக்கு ஒரு தரம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாய் இப்போதுதான் வந்தது.

திரும்பினாள். அவர் அறைவாசலில் நின்றுகொண்டிருந்தார். மருந்துக்கடை மூடியிருந்ததோ என்னவோ, கையில் பையில்லை. எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், அவளுக்குத் தெரியாது. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்.

அவர் முகம் பெட்டியைப் பார்த்து மலர்ந்தது. சந்தேகமில்லாமல் மலர்ந்தது. கத்துகிறது, நிரல் சரியாகத்தான் இருக்கிறது! பிறகு திறந்த தகட்டைப் பார்த்தார். அவள் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தார். தரையில் திறந்து கிடந்த கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார்.

தூசி தட்டலாம்னு திறந்தேன், ஒயர் கழண்டிருந்தது. வாக்கியம் முழுதாக அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் நம்பியிருப்பார்.

"நான்தாங்க கழட்டினேன்," என்றாள். "பிப்ரவரி ஒம்பதாம் தேதி. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. மூணு நாளாத் தூங்கல நீங்க. அது கத்திக்கிட்டே இருந்துச்சு. எழுந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க சாப்பாடு கேட்டீங்களா, அதுல மறந்துட்டேன். இப்பவும் சொல்லணும்னு திறக்கலைங்க. மறைக்கத்தான் திறந்தேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த மூன்று தாள்களையும் பார்த்தார், கேள்விக்குறிகளையும். எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்லப் பெட்டி இருந்தது. கால் மணி ஆனதும் மறுபடி மூன்று முறை கத்தியது. அவள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு பலகையை இழுத்து மெதுவாக எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேனா?"

"தூங்கினீங்க," என்றாள். "நாலு மணி நேரம். குறட்டை விட்டுத் தூங்கினீங்க."

அவர் தலையாட்டினார். எழுதியதைத் துடைக்கவில்லை. பலகையை மடியில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரித்தாலும் அவருக்கு அப்படித்தான் குலுங்கும். கழுத்துத் துளையில் மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்து போயிற்று. பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல், சத்தமே வராத அந்த அழுகை எப்போது நிற்கிறது என்பதைக் காதால் அறிய வழியில்லாமல், அவள் தரையில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்கு அது கத்தியது. பதினொன்றே முக்காலுக்கும் கத்தியது.